அழுகை வரும் நேரம் மாலை ஐந்தரை

வெளிநாட்டில் தன்னார்வப் பணிக்குப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பெரம்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். 2011 முதல் 2013 வரை கம்போடியாவின் பாட்டம்பாங் நகரில், ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தன்னார்வலராக இருந்தவர்.

கேள்வி: சொந்த ஊர் கொளத்தூர். வயது 27, பிசியோதெரபிஸ்ட். ஓராண்டுப் பணிக்காகக் கம்போடியாவின் தாக்கேவுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மையத்தில் எனக்கென்று ஒரு வேலையும் தரவில்லை. எதைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள். சைவம் என்று சொன்னால் தட்டில் மீன் வருகிறது. மாலையானால் காரணமில்லாமல் அழுகை வருகிறது. திரும்பிவிடலாமா?

பதில்: எனக்கு வயது 68. 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

அழுகை எத்தனை மணிக்கு வருகிறது என்று நீ எழுதவில்லை. நான் சொல்லட்டுமா? ஐந்தரைக்கு. அங்கே பொழுது சட்டென்று சாய்ந்துவிடும். எல்லோரும் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நீ போவதற்கு ஓர் அறைதான் இருக்கும். சென்னையில் அப்போது மணி நான்கு, அம்மா காபிக்குப் பால் வைக்கும் நேரம். அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசத்தை மனம் தானாகவே கழித்துப் பார்த்துக்கொள்ளும்.

நான் போய் இறங்கியது செப்டம்பர் கடைசியில். பிச்சும் பென் என்று பதினைந்து நாள் முன்னோர்களுக்குச் சோறு படைக்கும் பண்டிகை நடந்துகொண்டிருந்தது. நம் மகாளய பட்சமேதான். கல்லூரியில் ஈ காக்கை இல்லை. பண்டிகை முடிந்தால் வெள்ளம். அந்த ஆண்டு தலைநகரில் படகுப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். முப்பத்திரண்டு ஆண்டு மணியடித்தால் வகுப்பு என்று வாழ்ந்தவள் நான். அங்கே மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, மாணவர்கள்தான் இல்லை. தினமும் மேலதிகாரியின் அறை வாசலில் போய், "எனக்கு ஏதாவது வேலை கொடுங்கள்" என்று நின்றேன். அவர் சிரிப்பார். எனக்கு முகம் சிவக்கும். 'எனக்கும் வழி தெரியவில்லை, அதைச் சொல்லி உங்களை வருத்தவும் விருப்பமில்லை' என்பதுதான் அந்தச் சிரிப்பு என்று புரிய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. உனக்கு ஆறு வாரத்தில் கிடைத்துவிட்டது, வைத்துக்கொள்.

என்னைத் தேற்றியது கல்லூரி அல்ல, ப்ஸார் நாட் சந்தையில் கீரை விற்ற ஒரு பெண்மணி. என்னைக் கண்டதும், "ஞாம் பாய்?" என்பார். சோறு சாப்பிட்டாயா என்று பொருள். நாம் கேட்பதைப் போலவே பதிலுக்குக் காத்திராத கேள்வி. இது தெரியாமல் நான் முதல் நாள் காலையில் தின்ற வாழைப்பழம் வரை கணக்கு ஒப்பித்தேன். மறுநாள் அவர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஒரு கட்டு வள்ளைக்கீரையை என் முகத்துக்கு நேரே பிடித்து, "த்ரகூன்" என்றார். நான் சொன்னேன். தலையை ஆட்டினார், தப்பு. மூன்றாவது முறை சரியாகச் சொன்ன பிறகுதான் மீதிச் சில்லறை கைக்கு வந்தது.

எண்களையும் அங்கேதான் கற்றேன். கெமர் மொழியில் ஆறுக்குத் தனிச் சொல் கிடையாது. ஐந்து 'ப்ரம்', ஒன்று 'முய்', ஆறு 'ப்ரம்முய்'. ஐந்தும் ஒன்றும். ஒன்பது வரை இப்படியே ஒரு கையை மடக்கி வைத்துக்கொண்டு மேலே எண்ணுவதுதான். கணக்கு வாத்தியார் அம்மாவுக்கு இதைவிட விருந்து வேண்டுமா? அன்று இரவு நான் அழவில்லை என்பதே மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

உன் மீன் விவகாரம். 'சாச்' வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். அது இறைச்சி. மீன் அந்தக் கணக்கில் சேராது. 'புவோஸ்' என்று சொல், துறவு, விரதம் சார்ந்த சொல் அது, உடனே புரிந்துகொள்வார்கள். அப்போதும் மீன் சாறு விழும், 'தெக் த்ரெய்' வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள். மையத்தில் யாரையும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. உன்னைவிட மூத்தவர் 'போங்', இளையவர் 'ஓன்', அம்மாவுக்குத் தங்கை வயதுள்ளவர் 'மிங்'. அக்கா, தம்பி, சித்தி என்று வளர்ந்த நமக்கு இது என்ன கஷ்டம்? என்னை 'நெக் க்ரூ' என்றார்கள். க்ரூ என்பது நம் குருவேதான்.

எழுத்தையும் விடாதே. பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது அது, அதனால் வரிசை உனக்கு ஏற்கெனவே தெரியும்: க வர்க்கம், ச வர்க்கம் என்று நம் வரிசையில்தான் போகும், நடுவில் கூடுதல் எழுத்துகள் உண்டு, அவ்வளவுதான். கெமர் மொழியில் ஆண்டுக் குறிப்போடு கிடைத்த மிகப் பழைய கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது. அது கிடைத்த அங்கோர் போரெய் நீ இருக்கும் தாக்கேவ் மாகாணத்தில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா. வழியெல்லாம் பனை நிற்கும். அவர்களுக்கும் அது தேசிய மரம். நுங்கு விற்றால் வாங்கித் தின்று அழு, அந்த அழுகை நல்லது.

ஐந்தரைக்கு என்ன செய்வது? ஐந்தேகாலுக்கே அறையை விட்டு வெளியே வந்துவிடு. பாட்டம்பாங்கில் ஆற்றங்கரையில் ஒலிபெருக்கி வைத்துப் பெண்கள் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்வார்கள், பாதி ஆட்டம், பாதி பயிற்சி. கடைசி வரிசையில் சல்வார் கமீஸோடு எல்லோரும் வலப்பக்கம் போகும்போது இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது நான். உன் ஊரிலும் விசாரி.

இன்னும் ஆறு வாரம் இரு. அதுவரை வேலை கேட்காதே. யாராவது நோயாளிக்குக் கைகால் பிடித்துவிடும்போது பக்கத்தில் போய் நின்று பார், போதும். ஆனால் தூக்கம் அடியோடு போய்விட்டால், அல்லது யாராவது உன்னிடம் தவறாக நடந்தால், ஆறு வாரம் என்ற என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளரை அன்றே கூப்பிடு.

கேள்வி: மகன் ஓராண்டு உகாண்டா போகிறான். ஐந்து கிலோ ரசப்பொடி கொடுத்து அனுப்பலாமா? — ஒரு தாய், நங்கநல்லூர்

பதில்: சகோதரி, அரைக் கிலோ போதும். முதலில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பாருங்கள். அந்தச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். திரும்பும்போது இங்கேயும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்று செல்லும் என்பதால் புறப்படுகிற வாரத்தில் ஓடுவது வீண்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 'மட்டோக்கே' என்பது வாழைக்காயை வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பதுதான். பீன்ஸ் உண்டு, நிலக்கடலைக் குழம்பு உண்டு, சோளமாவுக் களியும் உண்டு. நம் கேழ்வரகுக் களி தின்றவன் பிழைத்துக்கொள்வான். ரசப்பொடியைக் குறைத்த இடத்தில் மூன்று முனை பிளக் மாற்றி ஒன்றை வையுங்கள், அங்கே துளை செவ்வகமாக இருக்கும். அவன் இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் உங்களுக்குப் பதினொன்றரை. தூங்கிப் போய்விட்டுப் 'பிள்ளை கூப்பிடவே இல்லை' என்று அழாதீர்கள்.

கேள்வி: ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் எண்பதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? — வாசகர், பல்லாவரம்

பதில்: கொடுக்காதீர்கள். 1970-ல் தொடங்கிய அந்த அமைப்பின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. விண்ணப்பம் நேரடி, தேர்வில் எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. தேர்வானால் அவர்கள் தருவதும் சம்பளம் அல்ல, அங்கே வாழ்வதற்கான படி. வீட்டுக் கடன் அடைக்கும் எண்ணமிருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: நேபாளத்தில் ஓராண்டு இருந்து திரும்பினேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. சென்னை அந்நியமாக இருக்கிறது. எப்போது சரியாகும்? — வாசகர், அம்பத்தூர்

பதில்: 'குளிரா? சாப்பாடு எப்படி?' என்று இரண்டு கேள்வி கேட்டிருப்பார்களே, அதுவே அதிகம். என் நாத்தனார் மூன்றாவது வாக்கியத்தில் குக்கரைப் பார்க்க எழுந்து போனவர்தான்.

கம்போடியாவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். இரண்டு ஆண்டு முதலில் இடப்பக்கம் பார்த்துப் பார்த்துக் கழுத்துக்கு அது பழகிவிட்டது. திரும்பி வந்த வாரம் பேப்பர் மில்ஸ் சாலையைக் கடக்கும்போது அதே போல இடப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தேன். முழங்காலுக்கு அருகில் ஓர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது. வாயிலிருந்து 'சோம் தோஸ்' என்று மன்னிப்பு வந்தது, கெமர் மொழியில். ஓட்டுநர் திட்டத்தான் வாயைத் திறந்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஊருக்குப் புதிதா, அம்மா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். நான் பிறந்த வீடு அங்கிருந்து நான்காவது தெரு.