சின்ன இடத்துக் கச்சேரி: சவுண்டு பற்றிக் கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பார், கஃபே, மாடி உணவகங்களில் பாடுகிறவர்களும் அந்த இடங்களை நடத்துகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை.

கேள்வி (ஒயிட் டவுன், கஃபே நடத்துபவர்): பழைய வீடு, 40 பேர் உட்காரலாம். கூரை உயரம், சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், வழவழன்னு தரை. பாடுற வார்த்தை ஒண்ணும் புரியல. பெரிய ஸ்பீக்கர் வாங்கட்டுமா?

வாங்காதீர்கள். சத்தம் போதாமல் வார்த்தை மங்கவில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியை மூடிவிடுகிறது. ஸ்பீக்கரைப் பெரிதாக்கினால் இரண்டும் சேர்ந்தே கூடும்.

40 பேருக்கு 10 அங்குல ஸ்பீக்கர் இரண்டு தாராளம். ஸ்டாண்டில் ஆறரை அடி உயரத்துக்கு ஏற்றி, கடைசி மேசையைப் பார்க்கும்படி சற்றுக் கீழே சாயுங்கள். ஒலி ஆட்கள்மேல் விழ வேண்டும், பின்சுவரில் அல்ல. உடம்பும் துணியும்தான் அந்த அறையில் ஒலியை உறிஞ்சுபவை. மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். அறை நீளமாக இருந்தால் நீளச் சுவரை ஒட்டி மேடை போடுங்கள். கடைசி ஆளும் பக்கத்தில் வந்துவிடுவார். வாசிப்பவர்களுக்குப் பின்னால் கனமான திரையை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். மெல்லிய திரை 'ஸ்' சத்தத்தை மட்டும் தின்னும், முழக்கம் அப்படியே நிற்கும்.

மிக்சரில் குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 300 பக்கம் 3 டெசிபல் குறையுங்கள். எக்கோ, ரிவெர்ப் இரண்டையும் அணையுங்கள், அதை அந்த வீடே இலவசமாகத் தருகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் டிரம்ஸ். முழு செட்டை மைக்கே இல்லாமல் அடித்தாலும் 100 டெசிபலைத் தாண்டும். குரல் அதற்கு மேலே ஏற, கிடார் அதற்கும் மேலே ஏற, கடைசியில் மேசையில் பேசுபவர் கத்துவார். இந்த அளவு அறைக்கு கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) போதும். காலி அறையில் சவுண்ட் செக் செய்யும்போது முழக்கம் கூடுதலாகத்தான் இருக்கும், கூட்டம் வந்ததும் அடங்கும். அதைப் பார்த்து எல்லா பட்டனையும் திருகிவிடாதீர்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை, பாடகி): மானிட்டரைக் கூட்டினாலே மைக் 'கீ'ன்னு கத்துது அண்ணா. மைக்கை மாத்தணுமா?

முதலில் மானிட்டர், அதாவது உங்கள் குரல் உங்களுக்கே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், இருக்கும் இடத்தைப் பாருங்கள் தங்கச்சி. ஷூர் எஸ்எம்58 மாதிரி மைக் தனக்கு நேர் பின்னால் வருவதைத்தான் மிகக் குறைவாகக் கேட்கும், அதனால் மானிட்டர் நேர் எதிரே. பீட்டா 58ஏ போன்ற மைக்கின் செவிட்டுப் பகுதி பின்பக்கத்து இரு ஓரங்களில், அதற்கு மானிட்டரைச் சாய்வாகத் தள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி வைப்பதால்தான் விலை கூடிய மைக் வாங்கிய பிறகும் கத்தல் நிற்பதில்லை.

அடுத்தது தூரம். உதட்டிலிருந்து 4 அங்குலத்தில் பிடிப்பதை 2 அங்குலமாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், மைக்கின் கத்தல் அதிகமாகாது. கம்பி வலைத் தலையைக் கையால் பொத்தாதீர்கள், பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். பாடாதவர் மைக்கை மூடச் சொல்லுங்கள்: திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், கத்தாமல் கூட்டக்கூடிய அளவில் 3 டெசிபல் போய்விடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஈக்வலைசர் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனியே கூட்டிக் குறைப்பது). யாரும் பாடாமல் மானிட்டரை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் 'ஊ' என்று வந்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம், 'ஈ' என்றால் 2000க்கு மேல். அந்த இடத்தை மட்டும் 3 முதல் 6 டெசிபல் இறக்குங்கள். நாலைந்து வெட்டுக்கு மேல் தேவைப்பட்டால் மானிட்டரோ மைக்கோ இருக்கும் இடமே தப்பு.

கேள்வி (கடலூர் முதுநகர்): கிடாரைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல வாய் வச்சா சுர்ருங்குது. செருப்பு போட்டா சரியாகுது. பரவாயில்லையா சார்?

இல்லை, உடனே நிறுத்துங்கள். செருப்பு எதையும் சரி செய்யவில்லை. பெரும்பாலும் மிக்சரும் கிடார் ஆம்ப்பும் வேறு வேறு பிளக்கில் இருக்கும், அதில் ஒன்றுக்கு எர்த் இருக்காது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மற்றதைக் கிடார் கம்பியிலும் தொட்டுப் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங் பார்க்காமல் வாசிக்கக் கூடாது. மேடைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் எர்த் உள்ள ஒரே பாயின்டிலிருந்து மின்சாரம் எடுங்கள், அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள், டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். 'ம்ம்ம்' சத்தம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. அந்த 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் (கருவிக்கும் மிக்சருக்கும் நடுவே போடும் சிறு பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சே இருக்கிறது, அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும்.

கேள்வி: வீட்டு 6 ஆம்பியர் பாயின்ட் தாங்குமா?

230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் 1380 வாட். ஸ்பீக்கர் இரண்டு, மிக்சர், கீபோர்டு, சிறிய ஆம்ப் தாங்கும். ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் 1000 வாட்டை அது எப்போதும் இழுப்பதில்லை. பழைய பார் (PAR) மேடை விளக்கு ஒன்றே 1000 வாட். அதைத் தனி லைனில் போடுங்கள், அல்லது எல்இடிக்கு மாறுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): அக்கூஸ்டிக் கிடாரை நேரா மிக்சர்ல சொருகினா தகரம் மாதிரி கேக்குது.

கிடாருக்குள் அதிர்வைப் பிடிக்கும் பியெசோ பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு உள்ளீடு வேண்டும், மிக்சரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 கிலோஓம்தான். அதனால் பேஸ் காணாமல் போகும். கிடாரில் பேட்டரி ப்ரீஆம்ப் இல்லையென்றால் ஆக்டிவ் டிஐ வாங்குங்கள், அதற்கு மின்சாரம் போக மிக்சரில் 48 வோல்ட் பட்டனைப் போடுங்கள். பாஸிவ் டிஐ கீபோர்டுக்குச் சரி, இதற்கு உதவாது.

கேள்வி (மாடி உணவகம்): 10 மணிக்கு மேல 'உள்ளரங்கம்'னு சொல்லி நடத்தலாமா?

மொட்டை மாடியும் முற்றமும் உள்ளரங்கம் ஆகாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும்; இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை, மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனையிலிருந்து 100 மீட்டருக்குள் இன்னும் குறைவு, பாரதி பூங்கா அருகே அரசு பொது மருத்துவமனை இருப்பதை மறக்காதீர்கள். 9.45க்குக் கடைசிப் பாட்டு என்று முன்னாலேயே குழுவிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் முதல் நாளே சொல்லுங்கள்.

கேள்வி: சினிமாப் பாட்டு பாட உரிமம் யார் எடுக்கணும்?

நடத்துபவர் எடுக்க வேண்டும். மெட்டுக்கும் பாடல் வரிக்கும் ஐபிஆர்எஸ் (இசையமைப்பாளர், பாடலாசிரியர்களின் உரிமைச் சங்கம்). இடைவேளையில் ரெக்கார்டு போட்டால், ஒலிப்பதிவு உரிமைகளைக் கவனிக்கும் பிபிஎல் போன்றவர்களிடம் தனி உரிமம். லாபத்துக்காக இடம் விடுபவரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவில் மாட்டுவார். பாரதியார் வரிகளுக்கு உரிமம் வேண்டாம், நீங்களே மெட்டமைத்தால். சினிமாவில் வந்த மெட்டு என்றால் மெட்டுக்கு உரிமையாளர் உண்டு.

கேள்வி (அரியாங்குப்பம்): ஜூன் 21 உலக இசை நாளுக்குக் கடற்கரைப் பக்கம் வாசிக்கிறோம். என்ன கவனிக்கணும்?

காற்று. எல்லா மைக்குக்கும் ஸ்பாஞ்ச் உறை, குரலில் 120 ஹெர்ட்ஸ் வரை வெட்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் போய்விடும், சுவர் எதுவும் திருப்பித் தராது. கேட்பவர்களை அருகே உட்கார வையுங்கள். மிருதங்கம், தபலா ஈரக்காற்றில் தளர்ந்து சுருதி இறங்கும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துப் பழக்கி, வாசிப்பதற்குச் சற்று முன் சுருதி சேருங்கள். வீடு திரும்பியதும் ஜாக் முனைகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புப் படலத்தை விட்டுவைத்தால் அடுத்த கச்சேரியில் கரகரவென்று கேட்கும்.