வர்ணனையாளர் சொல்லாத ஒரு கிலோ

அன்புள்ள ஐயா,

பாரிஸ் ஒலிம்பிக்ஸை இரண்டு வாரமும் கண்விழித்துப் பார்த்தேன். கூடவே என் பெண்ணும். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. பார்த்து முடித்தபோது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் மிச்சம். எப்போது பார்த்தாலும் விளம்பரம். கேமரா பாதி நேரம் நம் ஆட்களைக் காட்டுவதே இல்லை. நம் ஆள் தோற்றுவிட்டால் அந்தப் போட்டியையே அம்போவென்று விட்டுவிட்டு ஏற்கனவே பார்த்த ஹாக்கி கோல்களைத் திரும்பப் போடுகிறார்கள். தமிழ் வர்ணனை என்ற பெயரில் ஒரே கத்தல். தூர்தர்ஷன் காலத்தில் இப்படியா இருந்தது? வெளிநாட்டுச் சேனல்கள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்கின்றன!

இதை எழுதக் காரணம், மீராபாய் சானுவின் போட்டியைப் பார்த்ததிலிருந்து என் பெண் பளுதூக்கும் பயிற்சிக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறாள். டிவி பார்த்து வருகிற ஆசை நிலைக்குமா? அனுப்பலாமா?

கே.
திருச்செங்கோடு

அன்புள்ள கே.,

அனுப்புங்கள். அடம்பிடிக்கிறாள் என்று எழுதியபோது உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்திருக்கிறது, மறைக்கப் பார்த்திருக்கிறீர்கள், மறையவில்லை. வளர்கிற பிள்ளை, ஆகவே தெரிந்த பயிற்சியாளரிடம் சேருங்கள். எடுத்ததும் இரும்பைக் கையில் கொடுக்கமாட்டார்கள், வெறும் குச்சியை வைத்துத்தான் பழக்குவார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. நீங்கள் மீராபாய் பெயரைச் சொல்லிவிட்டீர்கள். அந்த இரவைப் பற்றி எனக்கும் ஆறாத ஒரு குறை இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் புகார்கள்.

விளம்பரத்தை விடுங்கள். கொட்டிக் கொடுத்து உரிமை வாங்கியவன் போட்ட பணத்தை எடுக்கத்தான் பார்ப்பான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

தூர்தர்ஷன் பொற்காலமா? ஒரே ஒரு கடை இருந்த ஊரில் எல்லாருக்கும் அந்தக் கடைச் சரக்குதான் பிடிக்கும். வானலைகள் பொதுச்சொத்து, அதில் அரசுக்கு ஏகபோகம் கிடையாது என்று 1995இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கு வந்ததே கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற சண்டையில்தான். அப்புறம் அந்த வெளிநாட்டு நேர்த்தி. சிட்னி ஒலிம்பிக்ஸை அமெரிக்காவின் என்பிசி என்ன செய்தது தெரியுமா? நேரடியாகக் காட்டாமல் பதிவு செய்து வைத்துக்கொண்டு, தன் நாட்டுக்காரன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரத்துக்குப் போட்டது. 2012இல் லண்டன் தொடக்க விழாவில் இறந்தவர்களுக்கான அஞ்சலிப் பகுதியை வெட்டிவிட்டு, மைக்கேல் ஃபெல்ப்ஸின் பேட்டியைப் போட்டதும் அவர்கள்தான். அங்கேயும் மனிதர்கள் இப்படித்தான், சார்.

கேமராவைப் பற்றிய புகாரில் உங்களுக்கு அடிப்படையே தெரியவில்லை. ஒலிம்பிக் மைதானத்துக்குள் நிற்கிற கேமராக்கள் நம் சேனலுடையவை அல்ல. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2001இல் தொடங்கிய ஒலிம்பிக் பிராட்காஸ்டிங் சர்வீசஸ் என்ற நிறுவனம்தான் படம் பிடித்து உலகம் முழுவதற்கும் அனுப்புகிறது. பணம் பெருத்த சில நாட்டுச் சேனல்கள் கூடுதலாகச் சொந்தக் கேமரா கொண்டுபோகும். மற்றவர்களுக்கு வருவது பொதுவான படம். அதன்மேல் ஏறுகிற குரல் மட்டும்தான் நம்முடையது.

இன்னொன்று. நம் ஆளையே காட்டு என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, நம் ஆள் தோற்றதும் போட்டியை விட்டுப் போகிறார்கள் என்று புலம்புகிறீர்கள். இரண்டும் ஒரே வியாதி என்பது எழுதும்போது உறைக்கவில்லையா? நம்மவர் இல்லாவிட்டால் உங்களைப் போன்றவர்கள் சேனலை மாற்றிவிடுவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் உங்களுக்கு முன்னால் அவர்களே மாற்றிவிடுகிறார்கள். ஆண்கள் நூறு மீட்டர் இறுதியில் இந்தியர் யாருமில்லை. அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.784 நொடி, ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் 9.789. முப்பது மீட்டரில் கடைசியில் இருந்த ஆள் லைல்ஸ். எல்லைக்கோட்டில் தாம்சனின் கால் முதலில் தாண்டுகிறது, ஆனால் கணக்கில் வருவது கால் அல்ல, மார்பு. எட்டாவதாக, அதாவது கடைசியாக வந்தவர் ஓடியது 9.91. கடைசி ஆளும் பத்து நொடிக்குள்! இதைப் பார்க்க நம்மவர் ஒருவர் ஓட வேண்டுமா? ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு என்பது எவ்வளவு என்று இந்த ஓட்டத்தைப் பார்த்தவனுக்குத்தான் புரியும். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸின் நானூறு மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா 55.42 நொடி, மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. நாற்பது வருடமாக அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி உருகுகிறோம். அந்த ருமேனியப் பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கிறிஸ்டினா கோஜோகாரு. அவரும் அதே தடைகளைத் தாண்டித்தான் வந்தார்.

சரி, மீராபாய்.

ஆகஸ்ட் 7, 2024. நமக்கு நடுராத்திரியை நெருங்கும் நேரம். 49 கிலோ பிரிவு. ஸ்நாட்ச்சில், அதாவது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவதில், மீராபாய் தூக்கியது 88 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க்கில், அதாவது முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவதில், முதல் முயற்சி 111 கிலோ, தவறிவிட்டது. இரண்டாவது முறை அதே 111, தூக்கிவிட்டார். மொத்தம் 199. தாய்லாந்தின் சுரோத்சனா கம்பாவோ 88, 112. மொத்தம் 200. மீராபாய்க்கு ஒரு முயற்சி பாக்கி. இப்போது பாரில், எடை மாட்டுகிற அந்தக் கம்பியில், எவ்வளவு போட வேண்டும்? ஒரு கிலோதானே குறைகிறது, 112 போதாதா என்று உங்கள் பெண் கேட்டிருப்பாள், ஆறாம் வகுப்புக் கணக்கு அது. போதாது. மொத்தம் சமமானால் அதை முதலில் எட்டியவருக்குத்தான் இடம், எட்டியவர் தாய்லாந்துப் பெண். ஆகவே குறைந்தது 113. மீராபாய் கேட்டது 114. எடை தலைக்கு மேல் போகவில்லை. நான்காம் இடம்.

இந்தக் கணக்கில் ஒரு வரியாவது அன்று உங்கள் காதில் விழுந்ததா? நான் பார்த்த ஒளிபரப்பில் விழவில்லை. 'நூற்று நாற்பது கோடி இதயங்கள்', 'சிங்கப்பெண்', 'வரலாறு காத்திருக்கிறது'. மேடையில் ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கிறாள், அவள் ஏன் 114 கேட்டாள், அதைத் தூக்கினால் என்ன கிடைக்கும், தவறினால் யாருக்கு என்ன போகும் என்று சொல்ல ஒரு நாதியில்லை. முடிந்ததும் 'நூலிழையில் தவறவிட்டார்'. எந்த நூல்? எத்தனை கிலோ நூல்?

எனக்கு இந்தக் கோபம் வரக் காரணம் என் தாய்மாமா. வேலூர் சத்துவாச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சத்துவாச்சாரி தெரியுமல்லவா, 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டுகோஸ்ட் என்று இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கத்தின் ஊர். அங்கே தெருப்பிள்ளைகளுக்கும் ஸ்நாட்ச் என்றால் என்னவென்று தெரியும். மாமாவும் வாலிபத்தில் பளு தூக்கியவர்தான், மாவட்டத்தைத் தாண்டவில்லை. இடது தோள் எலும்பு ஒருபக்கம் மேடாக இருக்கும்.

டிவியில் பளுதூக்குதல் வந்தால் மாமா செய்கிற முதல் வேலை சத்தத்தை நிறுத்துவது. அப்புறம் தினத்தாள் காலண்டரில் கிழித்து வைத்த தாள்களைப் பின்பக்கம் திருப்பி, சைக்கிள் கடைக் கணக்குப் பென்சிலால் கட்டம் போடுவார். ஒரு வரிசைக்கு ஒரு ஆள், ஆறு கட்டம், ஸ்நாட்ச்சுக்கு மூன்று, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு மூன்று என்று ஆறு முயற்சி. மேடையில் நிற்கிறவனை அவர் பார்த்த மாதிரியே எனக்கு நினைவில்லை. அவர் கண் திரையின் ஓரத்தில் வருகிற எண்ணில்தான்.

"டேய், தூக்கறவனப் பாக்காத. அடுத்து வரவன் எவ்ளோ கேட்டிருக்கான் பாரு."

பாரில் எடை எப்போதும் ஏறத்தான் செய்யும், இறங்காது. இந்த ஒரு விதியிலிருந்துதான் அத்தனை சூதும் பிறக்கிறது என்பார். குறைந்த எடை கேட்டவன் முதலில் வர வேண்டும். கேட்ட எடையை இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நேரம் முடிய அரை நிமிடம் இருக்கும்போது மணி அடித்துவிட்டால் மாற்ற முடியாது. பயிற்சியாளர் திரைக்குப் பின்னால், கேட்கிற எடையை எழுதும் சீட்டை வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு கிலோ ஏற்றிக் கேட்டால் தன் ஆளுக்கு இன்னும் இரண்டு நிமிடம் ஓய்வு கிடைக்கும், எதிராளி உடம்பு சூடேறுவதற்குள் மேடைக்கு வந்தாக வேண்டும். ஏற்றுவது நிஜமா பாவலாவா என்று எதிர்முகாம் கண்டுபிடிக்க வேண்டும். கடைசி நேரத்தில் 170 என்பது 172 ஆகும், மாமா பென்சிலால் அடித்துத் திருத்திவிட்டு வெற்றிலைக் காவிப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். கிளாஸ்கோவில் சதீஷ் 149, 179 தூக்கி மொத்தம் 328 போட்டபோதும் அவர் கத்தவில்லை. வெள்ளியும் இந்தியருக்கே, ரவி கட்டுலு, 317. தெருவில் யாரோ வெடி போட்டார்கள். மாமா தாளைப் பார்த்து, "பதினோரு கிலோ வித்தியாசம், இவனுக்கு இன்னிக்கு எதிரியே இல்ல" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட.

2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் கர்ணம் மல்லேஸ்வரி பளுதூக்குதலில் வெண்கலம் வாங்கியதை நாடே கொண்டாடியது. மாமா மட்டும் சாகிறவரைக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மல்லேஸ்வரி 110, 130. மொத்தம் 240. தங்கமும் வெள்ளியும் வாங்கிய இருவரும் 242.5. அவர்களுக்குள் சமம் என்பதால், அன்றைய விதிப்படி உடல் எடை குறைவாக இருந்த சீனப் பெண்ணுக்குத் தங்கம். மல்லேஸ்வரியின் கடைசி முயற்சி 137.5, முடியவில்லை. "நூத்து முப்பத்தஞ்சு கேட்டிருந்தா?" என்பார் மாமா. தூக்கியிருந்தால் 245, இரண்டு பேரையும் தாண்டியிருக்கும். பந்தயம் முடிந்த பிறகு கணக்குப் போடுவது சுலபம்தான், அன்று சீட்டில் எழுதும்போது மற்றவர்கள் எங்கே போய் நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் அந்தப் போட்டியைப் பார்த்தவன். மற்றவர்கள் மெடலைப் பார்த்தவர்கள்.

கத்தல் கத்தல் என்கிறீர்களே, கத்தல் அல்ல பிரச்சினை. நம்மிடம் நல்ல வர்ணனை மரபு இருந்தது. வானொலியில் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் சேப்பாக்கத்திலிருந்து பேசும்போது களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை நம் தெருவில் நிற்கவைத்துக் காட்டுவார்கள். உற்சாகம் வந்தால் அவர்கள் குரலும் ஏறும். ஆனால் அது வானொலி, கண்ணுக்குத் தெரிவதைக் காதுக்குச் சொல்ல வேண்டும். டிவியில் பார் கீழே விழுந்தது எனக்கே தெரிகிறது, எதற்கு 'விழுந்துவிட்டது' என்று அலற வேண்டும்? எனக்குத் தெரியாததைச் சொல். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, அதைச் சொல்.

பாராலிம்பிக்ஸில் இது இன்னும் மோசம். பாரிஸில் பேட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பெண்கள். முதல் இருவருக்கு எஸ்யூ5 பிரிவு, நித்யஸ்ரீக்கு எஸ்ஹெச்6. எஸ்யூ5 கையில் குறைபாடு உள்ளவர்களுக்கு, எஸ்ஹெச்6 உயரம் குறைந்தவர்களுக்கு. இதைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்? இங்கிலாந்தின் சேனல் 4, 2012 லண்டன் பாராலிம்பிக்ஸிலேயே லெக்ஸி என்று ஒரு படவிளக்க முறையைக் கொண்டுவந்துவிட்டது. போட்டிக்கு முன்னால் ஒரு மனித உருவத்தைப் போட்டு, எந்த உறுப்பில் எவ்வளவு பாதிப்பு என்று நிறத்தில் காட்டும். உருவாக்கியவர் ஜைல்ஸ் லாங், அவரே பாராலிம்பிக் நீச்சல் வீரர். வெளிநாட்டு நேர்த்தி என்று நீங்கள் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஆடியவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான் அதில் உள்ள ரகசியம்.

நம் ஆட்களுக்கு அது ஏன் தோன்றுவதில்லை? கிரிக்கெட்டுக்குப் பழைய ஆட்டக்காரர்களைக் கோட்டு போட்டு வரிசையாக உட்காரவைக்கத் தெரிகிறது. பளுதூக்குதலுக்கு மட்டும் நேற்று கபடிக்குக் கத்திய அதே தொண்டை. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் யாராவது இதைப் படித்தால் சொல்லிவைக்கிறேன். சத்துவாச்சாரியில் தெருவுக்கு ஒருவர் இருப்பார், தேசியப் போட்டி வரை போய்வந்து இப்போது ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை பார்க்கிறவர். தமிழ் பேசுவார், கணக்கு தெரியும், ஸ்டுடியோவில் ஒரு பேப்பரும் பென்சிலும் கொடுத்தால் போதும். வேலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் மூன்று மணி நேரம்தான். ஸ்டுடியோ மும்பையில் என்றால் ஒரு ரயில் டிக்கெட் போட்டுக் கொடுங்கள், வருவார்.