கேட்டதும் சொன்னதும்: உகந்தையில் தாலிகட்டு, உறவினர் தங்குவது எங்கே?

கேள்வி: எங்கள் மகளுக்கு உகந்தை முருகன் ஆலயத்தில் வைத்துத் தாலி கட்டுவதாக என் மனைவி நேர்ந்திருக்கிறார். வைகாசியின் பிற்பகுதியிலோ ஆனியிலோ நாள் பார்க்கிறோம். ஏறத்தாழ 180 பேர் வருவார்கள். பாதிக்கு மேல் களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்புப் பக்கத்து உறவினர். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணம். முப்பது பேர் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வருகிறார்கள். ஐயர் சொன்ன முகூர்த்தம் காலை 6.10. பிள்ளைகள் அன்றைக்கே பக்கத்துக் குமண வனவிலங்குப் பூங்காவையும் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். எல்லோரையும் எங்கே தங்கவைப்பது, எப்படி ஏற்றி இறக்குவது? (ஒரு தகப்பன், களுவாஞ்சிக்குடி)

பதில்: ஐயரிடம் இன்னொரு தடவை போய் வேறு முகூர்த்தம் கேளுங்கள். பஸ்ஸும் அறையும் அதற்குப் பிறகுதான். காலை 6.10க்குத் தாலி ஏற வேண்டுமென்றால் சடங்கு 4.30க்குத் தொடங்க வேண்டும். பெண்ணை அலங்கரிப்பவர் இரவு இரண்டு மணிக்கு எழும்ப வேண்டும். சபையில் இருக்க வேண்டியவர்கள் மூன்று மணிக்கே பொத்துவிலை விட்டுப் புறப்பட வேண்டும். பொத்துவிலில் இருந்து உல்லை (அறுகம்குடா), பாணமை வழியாக உகந்தைக்குச் சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் அந்த நேரத்தில் அந்த வீதி யானைகளுடையது. பாணமையைத் தாண்டினால் கிரவல் வீதி, இருபுறமும் பற்றைக்காடு, வீதி விளக்கு கிடையாது. சஃபாரி ஜீப்காரர்கள் விடியுமுன் போகிறார்கள்தானே என்று உங்கள் மருமக்கள் வாதிடக்கூடும். அவர்கள் தினமும் அதில் ஓடுபவர்கள். யானை நின்றால் விளக்கைத் தணித்துக்கொண்டு பேசாமல் காத்திருக்கத் தெரிந்தவர்கள். நாற்பது பேரும் ஒரு தவில் கூட்டமும் ஏறிய பஸ்ஸை அங்கே பின்னுக்கு எடுக்கவும் முடியாது, உள்ளே இருப்பவர்களைச் சத்தம் போடாமல் வைத்திருக்கவும் முடியாது.

ஒன்பது மணிக்கும் பத்தரைக்கும் இடையில் ஒரு சுபவேளை கிடைத்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும். களுவாஞ்சிக்குடியில் இருந்து பொத்துவில் சுமார் 80 கிலோமீற்றர். அதிகாலை ஐந்து மணிக்குப் பஸ் எடுத்தால் அக்கரைப்பற்றைத் தாண்டும்போது விடிந்திருக்கும். திருக்கோவிலுக்குத் தெற்கே சங்கமன்கண்டி, கோமாரிப் பக்கத்துக் காட்டுப்பகுதியை நல்ல வெளிச்சத்தில் கடக்கலாம். ஏழரைக்குப் பொத்துவிலில் ஒரு தேநீர் குடித்து, எட்டே முக்காலுக்குக் கோயில் வாசலில் நிற்கலாம். அதாவது, உங்கள் ஊர்ச் சனத்தில் பெரும்பாலானோருக்கு இரவு தங்க இடமே தேவைப்படாது. பெண் வீட்டு நெருங்கிய உறவினர், ஐயர், மேளகாரர், அலங்காரம் செய்பவர், நடக்க மாட்டாத முதியவர்கள், யாழ்ப்பாணத்தார், வெளிநாட்டார் என்று எண்ணிப் பாருங்கள். 180 பேருக்கு அறை தேடியவர் எண்பது பேருக்குத் தேடினால் போதும். நேரத்தை மூன்று மணித்தியாலம் தள்ளியதில் கிடைக்கும் இலாபம் இது.

ஆனி வேண்டாம் என்பது என் கருத்து. கதிர்காமத் திருவிழாவுக்கான பாதயாத்திரைக்காகக் காட்டுப்பாதை திறக்கப்படும் காலம் பெரும்பாலும் ஆனியில் வந்துவிடும். அப்போது ஆயிரக்கணக்கான அடியார்கள் உகந்தையில் தங்கி, சமைத்து, நீராடிப் புறப்படுவார்கள். அவர்களுக்கு உரிய நாட்களில் உங்கள் மணவறைக்கு இடமும் தண்ணீரும் கேட்பது முறையாகவும் இராது, நடைமுறைக்கும் ஒத்துவராது. வைகாசி நல்லது. குமண வில்லுகளில் (நீர்நிலைகளில்) கூழைக்கடா, நாரை, கரண்டிவாயன் முதலியவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலமும் அதை ஒட்டியே வருகிறது. ஆனால் வெசாக் விடுமுறையை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். அந்த வாரத்தில் வாடகைக்கு வான் கிடைத்தாலும் சாரதி கிடைக்கமாட்டார்.

இனித் தங்குமிடம். உகந்தையில் திருமணக் கூட்டத்துக்கு ஏற்ற விடுதி இல்லை. பூங்காவுக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் விடுதிகள் ஒரு சிலவே உண்டு. அவை ஒரு குடும்பம் போய் இருந்துவர ஏற்றவை. ஆகவே உல்லைதான் உங்கள் இடம். வைகாசியில் அங்கே கடலலைச் சறுக்குக்கு வரும் வெள்ளைக்காரர்களின் பருவம் தொடங்கியிருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னரே பேசினால்தான் ஒரே வளவில் பத்துப் பன்னிரண்டு அறை சேர்ந்து கிடைக்கும். படத்தைப் பார்த்துப் பதியாமல் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். அங்குள்ள கபானா எனும் குடில்களில் பல மரக்காலில் நிற்பவை. ஏணிப்படி ஏறித்தான் உள்ளே போகலாம். முழங்கால் வலியுள்ள பெரியம்மாவை அதில் ஏற்றிப் பாருங்கள், கல்யாணம் முடிந்து ஒரு வருடத்துக்கு அந்தக் கதைதான் ஓடும். முதியவர்களுக்குத் தரைமட்ட அறை, கொமட் உள்ள குளியலறை, இரவில் பாட்டுச் சத்தம் எட்டாத பக்கம் ஆகிய மூன்றையும் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஓர் அறைக்கு எத்தனை பேர், மேலதிக மெத்தைக்கு எவ்வளவு, எந்தத் திகதிக்கு முன் குறைத்தால் முற்பணம் திரும்பும் என்பனவும் அதே தாளில் இருக்கட்டும்.

அறை கையில் வரும் நேரத்தையும் மறக்காமல் கேளுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் போன ஒரு திருமணத்தில், கொழும்பிலிருந்து இரவு புறப்பட்ட பஸ் விடிகாலை நாலரைக்கு உல்லையில் வந்து நின்றது. அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். விடுதியில் பிழையில்லை, பதிந்தவர்தான் கேட்கவில்லை. இருபத்தைந்து பேர் சாப்பாட்டு மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரைகளில் உட்கார்ந்தபடி உறங்கினார்கள். பூமாலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேலேயே தலை சாய்த்திருந்த ஒரு மாமியின் கன்னத்தில், எழும்பும்போது பெட்டி மூடியின் வரி அச்சாகப் பதிந்திருந்தது. இரவு பஸ்ஸில் வருகிறவர்களுக்காக முதல்நாள் இரவுக்கும் சேர்த்து இரண்டு அறைக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். பெண்கள் குளித்து உடை மாற்ற அதுவே போதும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைக் கட்டுநாயக்காவில் இறக்கி அதே மூச்சில் பொத்துவிலுக்கு ஏற்றாதீர்கள். நீர்கொழும்பிலோ வத்தளையிலோ ஓரிரவு உறங்கட்டும். மறுநாள் காலை தெற்கு அதிவேகப் பாதையில் மத்தளை வரை வந்து, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக வரலாம். கடைசித் துண்டு லகுகலக் காட்டினூடாகப் போகிறது. லகுகல கித்துலான 1980 முதல் தேசிய பூங்கா, யானைக்குப் பேர்போனது. சியம்பலாண்டுவையை மாலை நாலரைக்கு முன் கடக்க வேண்டும் என்று சாரதியிடம் சொல்லுங்கள். பிந்தினால் அங்கேயே எங்காவது தங்கச் சொல்லுங்கள். ரயிலில் வர விரும்புகிறவர்களுக்குப் பாதை மட்டக்களப்புடன் முடிகிறது. அதற்கு அப்பால் 100 கிலோமீற்றருக்கு மேல் வீதிப் பயணம். யாழ்ப்பாணத்தார் முதல்நாள் மதியத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பொழுது சாயுமுன் உல்லைக்குப் போய்விடுவது வசதி.

வாகனம் பெரிதாக இருந்தால் சிக்கனம் என்று எண்ண வேண்டாம். 54 பேர் ஏறும் பஸ்ஸைப் பொத்துவிலில் நிறுத்திவிட்டு, உகந்தைக்குச் சிறிய ரோசா பஸ்ஸும் வானும் பிடியுங்கள். கிரவலில் அவைதான் இலகு. ஒவ்வொரு வண்டிக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். பாணமைக்கு அப்பால் தொலைபேசியை நம்பித் திட்டம் போடாதீர்கள். ‘வந்ததும் கோல் எடுங்கோ’ என்பது அங்கே செல்லாது. வெள்ளிக்கிழமை நாள் அமைந்தால், அக்கரைப்பற்றுச் சாரதிகளுக்கும் பொத்துவில் கடைக்காரருக்கும் ஜும்ஆத் தொழுகை நேரம் உண்டு என்பதை நினைவில் வைத்து, திரும்பும் பயணத்தை அதற்கு முன்போ பின்போ வையுங்கள். மதியச் சாப்பாடு பொத்துவிலில் இருக்கட்டும். கோயிலில் பிரசாதமும் தண்ணீரும் போதும். அங்கே குரங்குகளுக்குக் கல்யாண வீடு நன்றாகப் பழக்கம்: குரவைச் சத்தம் கேட்டு எல்லோரும் மணவறைப் பக்கம் திரும்பிய அந்த ஒரு நிமிடத்தில், தாம்பாளத்தில் இருந்த கதலிப்பழச் சீப்பு மரத்தில் ஏறியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தட்டுகளுக்குக் காவலாக இரண்டு பையன்களை நிறுத்துங்கள். வெடி கொளுத்த வேண்டாம்.

குமணப் பூங்காவை அன்றைக்குப் பார்க்க முடியாது; மறுநாள் போகலாம். கோயில் பூங்கா வாயிலுக்கு வெளியே இருப்பதால் வழிபாட்டுக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை, உள்ளே போகத்தான் தேவை. வாயில் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கும். ஒரு ஜீப்புக்கு ஆறு பேர் என்று வைத்தால் முப்பது பேருக்கு ஐந்து ஜீப். உல்லையில் முன்கூட்டிப் பேசிவைக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கட்டணம் உள்நாட்டவருக்குரியதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை உங்கள் கனடாப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாயிலில் வைத்துச் சொன்னால் ‘நாங்களும் இந்த ஊர்தானே’ என்ற விவாதம் தொடங்கி நல்ல காலை வெளிச்சம் போய்விடும். பட்டுச்சேலையோடு புறப்படத் துணிபவர்களையும் தடுத்துவிடுங்கள். கிரவல் தூசு சரிகையை விட்டுப் போகாது.

கேள்வி: அம்பாறையில் என் தம்பியின் வரவேற்பு நடக்கிறது. மறுநாள் விருந்தினர் அறுபது பேரைக் கல்லோயாப் பூங்காவில் படகில் அழைத்துச் செல்ல முடியுமா? மார்கழி விடுமுறையில் வைத்தால் எல்லோருக்கும் வசதி. (ஒரு வாசகி, காரைதீவு)

பதில்: அறுபது பேரையும் ஒரே நேரத்தில் ஏற்ற முடியாது. படகேறும் இடமான இங்கினியாகலையில் படகுகள் சிறியவை. வனசீவராசிகள் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டு, காலை ஒரு குழு, மாலை ஒரு குழு என்று பிரித்து, உண்மையாகவே ஆர்வமுள்ள இருபது பேரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு அணைக்கட்டைப் பார்ப்பதே போதும். பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய அந்தச் சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு 1954இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. நீருக்குள் தீவுகளாக நிற்கும் மேடுகளுக்கு யானைகள் நீந்திப் போவதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். தும்பிக்கையின் நுனி மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே குழாய்போல நீண்டு வர, படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிடுவார். அப்போது யாரும் பேசக் கூடாது. இதற்கு நல்ல காலம் பங்குனி முதல் ஆடி வரை. அதன் பின் நீர்மட்டம் வற்றத் தொடங்கும்.

மார்கழியை நான் ஒப்பமாட்டேன். காரைதீவில் இருப்பவருக்கு மாவடிப்பள்ளி வீதியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் அந்த வயல்வெளியில் வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் போகும் நாட்கள் உண்டு. கரையோரத்திலிருந்து அம்பாறைக்கு உங்கள் விருந்தினர் பலரும் வர வேண்டிய வழி அதுதான். விடுமுறையில்தான் வைக்க வேண்டுமென்றால் சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரத்தைப் பாருங்கள். அம்பாறை நகரத்தில் தங்கினால் இங்கினியாகலைக்கு அரை மணித்தியாலம். காட்டோரத்து விடுதிகள் அழகானவை, ஆனால் அறை குறைவு, விலை அதிகம். புதுமணத் தம்பதிக்கு அங்கே ஓர் அறை எடுத்துக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் நகரத்தில் இருக்கலாம்.

கேள்வி: தூரத்தில் வைக்கும் திருமணத்துக்கு விருந்தினரின் அறைச் செலவு யாருடையது? பெண் வீடுதான் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் மாமி சொல்கிறார். (பெயர் வேண்டாம், ஆரையம்பதி)

பதில்: எங்கள் பக்கத்தில் கல்யாணம் பெண் வீட்டில் நடப்பது வழமை என்பதால் மாமி அப்படிச் சொல்கிறார். அந்த வழமை ஊரில், வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, வந்தவர்களை அயல்வீடுகளில் படுக்கவைத்த காலத்தது. விடுதி அறைக்கு அதை நீட்டுவது நியாயமில்லை. ஐயர், மேளகாரர், அலங்காரம் செய்பவர், சாரதிகள் ஆகியோரின் தங்கலும் சாப்பாடும் அழைத்தவருடைய பொறுப்பு. சாரதிகளுக்கும் படுக்கை வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவு முழுக்க ஆசனத்தில் சுருண்டு கிடந்தவர்தான் மறுநாள் உங்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓடுகிறார். மாப்பிள்ளை வீட்டு நெருங்கிய உறவினருக்குப் பெண் வீட்டார் ஓரிரவு கொடுப்பது மரியாதை. இரண்டாவது இரவும் சுற்றுலாவும் அவரவர் செலவு. இதை அழைப்பிதழோடு தனியாக ஒரு சிறு தாளில், விடுதியின் பெயர், அறை வாடகை, பஸ் புறப்படும் இடம், நேரம் ஆகியவற்றோடு அச்சடித்து வையுங்கள். மாமிக்கு மட்டும் அந்தத் தாளைத் தபாலில் அனுப்பாமல், நீங்களே போய், வெற்றிலையோடு கையில் கொடுங்கள்.