செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் போனை எடுப்பது?

கேள்வி: ஐயா, நான் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 34. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஸ்டாக் கிளார்க் வேலை. மாலை நாலரைக்கு வெளியே வந்துவிடுவேன். தெரிந்த ஒருவர் தன் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பகுதி நேர ஏஜெண்டாகச் சேரச் சொல்கிறார். உயிர்க் காப்பீடும், இறுதிச் சடங்குச் செலவுக்கான ஃப்யூனரல் பாலிசியும்தான் விற்க வேண்டுமாம். முதல் வேலையாக நூறு பேர் பெயர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிப் பார்த்தால் எண்பது பேர் சொந்தக்காரர்கள். "சொந்தத்தில் போய் நிற்காதீர்கள்" என்கிறாள் மனைவி. மாதம் கொஞ்சம் கூடுதலாக வந்தால் கார் கடனை அடைத்துவிடலாம். சேரலாமா?

பதில்: சேரலாம் தம்பி. ஆனால் அந்த நூறு பேர் பட்டியலை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

உங்களைக் கூப்பிடுகிறவரிடம் முதலில் அவர்களுடைய எஃப்.எஸ்.பி. எண்ணை, அதாவது நிதிச் சேவை உரிம எண்ணைக் கேளுங்கள். நம் தென்னாப்பிரிக்காவில், நிதி ஆலோசனைத் தொழிலுக்கான 2002-ஆம் ஆண்டின் ஃபேய்ஸ் சட்டப்படி, காப்பீட்டு ஆலோசனை சொல்வதற்கு உரிமம் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும், அல்லது அப்படி ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். அந்த எண்ணை, நிதித் துறையைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.சி.ஏ. ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால் நிறுவனத்தின் பெயர் வரும், எந்தெந்த வகைப் பாலிசிக்கு உரிமம் இருக்கிறது என்பதும் வரும். எண்ணைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். சேருவதற்கு முன்பே பயிற்சிக் கட்டணம், கிட் கட்டணம் என்று கேட்கிற இடத்தில் தேநீரும் வேண்டாம்.

அடுத்தது, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பது. புதிதாக வருகிறவர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும். உயிர்க் காப்பீட்டுப் பாலிசிகளுக்கு, பிரதிநிதியாக முதலில் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், பிரதிநிதிகளுக்கான ஒழுங்குமுறைத் தேர்வான ஆர்.இ. 5-இல் தேற வேண்டும், 6 ஆண்டுக்குள் அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதியும் பெற வேண்டும். ஃப்யூனரல் பாலிசி மட்டும் விற்பவருக்கு இந்தத் தேர்வு கிடையாது. பகுதி நேரம் என்பதற்காக இந்தக் கெடுவை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். அதனால் முதல் வருடம் ஃப்யூனரலோடு நில்லுங்கள் என்பதுதான் என் யோசனை. மாலையில் இரண்டு மணி நேரம்தான் கையில் இருக்கிறவர் ஒரே ஒரு பாலிசியின் சின்ன எழுத்தைக்கூட விடாமல் படித்து வைத்திருப்பது நல்லது. ஆறு பாலிசியின் விளம்பரத் தாளை மனப்பாடம் செய்து என்ன பயன்?

படிக்க அதிலேயே நிறைய இருக்கிறது. உதாரணத்துக்குக் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு பணம் கிடைக்காத ஆரம்ப காலம். இயற்கை மரணத்துக்கு அது அதிகபட்சம் 6 மாதம். விபத்து மரணத்துக்குக் காத்திருப்பே கிடையாது. பாலிசி கையில் கிடைத்த பிறகு மனம் மாறினால், இன்னும் கிளெய்ம் எதுவும் கேட்காதவரை, 31 நாளுக்குள் ரத்து செய்யலாம். இதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டால் அதன் பிறகு உங்களை நம்ப மாட்டார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாலிசியை நிறுத்தவைத்துப் புதியதை விற்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. நம் தொழிலில் மிகக் கேவலமான வேலை அதுதான். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றுவதால் அவருக்கு என்ன இழப்பு, என்ன செலவு என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லி, அதை எழுத்திலும் பதிவு செய்ய வேண்டும். அது சட்டம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ஏஜெண்டு வேலையில் விற்பதை மாலையில் வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம். சாவு மட்டும் உங்கள் ஷிப்ட் பார்த்து வராது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் போன் வரும். "அப்பா போயிட்டாரு, இப்ப நாங்க என்ன செய்யணும்?" என்று மகள் அழுவாள். மறுநாள் தகனம் வைத்திருப்பார்கள். ஃப்யூனரல் பாலிசியில், வேண்டிய தாள்கள் எல்லாம் சேர்ந்தபின் 2 வேலை நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தத் தாள்களைச் சேர்ப்பதில்தான் நாட்கள் ஓடிவிடும். ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) கொடுக்கும் இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை நகல், வங்கி விவரம் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்பார்கள். வீட்டில் யாருக்கும் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த நேரத்தில் "நான் வேலையில் இருக்கிறேன், அஞ்சு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்" என்று சொன்னால், அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே இனி நீங்கள் விற்க முடியாது.

ஆகவே சேருவதற்கு முன்பே அலுவலகத்தில் கேளுங்கள்: பகலில் கிளெய்ம் வந்தால் யார் எடுப்பார்கள்? அந்த ஆளின் பெயர் என்ன, நேரடி எண் என்ன? "எல்லாம் கால் சென்டர் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால் நான் சேர மாட்டேன். ஒரு மனிதரைக் காட்டினால் அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள். அவர் எண்ணை அட்டையில் அச்சடித்து ஒவ்வொரு பாலிசியோடும் கொடுங்கள். உங்கள் கிடங்கு மேனேஜரிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலை ஒப்பந்தங்கள் பலவற்றில் வெளிவேலை கூடாது என்றோ, கேட்டுவிட்டுச் செய் என்றோ ஒரு வரி இருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் கார் கடன் என்றதால் சொல்கிறேன். கமிஷன் வந்ததும் கடனில் போட்டுவிடாதீர்கள். உயிர்க் காப்பீட்டில் முன்கூட்டியே கொடுக்கப்படும் கமிஷன், பாலிசி ஆரம்ப காலத்திலேயே நின்றுபோனால் திரும்பப் பிடிக்கப்படும். ஏஜெண்டுகள் இதை க்ளாபேக் என்பார்கள், சொல்லும்போதே முகம் சுளிப்பார்கள். ஃப்யூனரல் கமிஷன் எப்படி வரும், எப்போது திரும்பப் போகும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். பாலிசி நிற்பதற்குப் பெரும்பாலும் டெபிட் ஆர்டர் தேதிதான், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் பிடிக்கப்படும் நாள்தான் காரணம். 25-ஆம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்கு 1-ஆம் தேதி போட்டுவைத்தால் பணம் எங்கே இருக்கும்? சம்பளம் எந்த நாள் விழுகிறது என்று கேட்டு, அந்த நாளுக்கே போடுங்கள். வரித்துறையான சார்ஸின் கணக்கும் உண்டு: உங்களைச் சம்பளக்காரராக வைத்துக் கமிஷன் கொடுத்தால், மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் கமிஷனாக இருந்தால்தான் பெட்ரோல் போன்ற செலவைக் கழிக்க முடியும். உங்களுக்கு முதலில் அது வராது. அதனால் ஒரு பாலிசிக்காக ஃபீனிக்ஸ் வரைக்கும் கார் ஓட்டாதீர்கள்.

இப்போது சொந்தக்காரர் பட்டியல். உங்கள் மனைவி சொல்வது பாதி சரி. நானும் 1989-இல் இப்படித்தான், பகலில் மெர்பேங்க் பக்கம் ஒரு தொழிற்சாலை, மாலையில் பை நிறைய படிவம் என்று ஆரம்பித்தேன். முதல் மாதத்தில் விற்ற ஏழும் சொந்தத்திலேயே விற்றவை. அதில் ஒருவர் என் பெரியப்பா. படிவத்தில் நீரிழிவு உண்டா என்று ஒரு கேள்வி. "கொஞ்சம் சர்க்கரை இருக்குடா, மாத்திரை எல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார். அவசரத்தில், சொந்தம்தானே என்ற சலுகையில், நான் "இல்லை" என்று குறித்தேன். வேறு ஒரு ஆளாக இருந்திருந்தால் மருத்துவச் சீட்டைக் கேட்டிருப்பேன். ஒன்றரை வருடத்தில் அவர் போனார். ஆஸ்பத்திரிக் கோப்பில் சர்க்கரை எழுதியிருந்தது. கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். பதினாறாம் நாள் சடங்குக்குப் போனேன். பெரியம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன், சொந்தக்காரர் பாவம், விட்டுவிடுங்கள் என்பது என் பேச்சில்லை. அவர்களுக்கும் பாலிசி வேண்டும். ஆனால் சொந்தத்தில் இருவருமே கேள்வியைத் தாண்டிப் போய்விடுவோம். அவர் "நீ பார்த்துக்க" என்பார், நாம் "நான் பார்த்துக்கறேன்" என்போம், படிவம் பாதி காலியாகவே போகும். தொழில் கைக்கு வரும்வரை அவர்களிடம் போகாதீர்கள். முதல் ஆறு மாதம் தெரிந்தும் தெரியாதவர்களிடம் போங்கள்: கிடங்கில் பக்கத்துப் பிரிவு ஆட்கள், பையன் பள்ளியில் பார்க்கிற பெற்றோர், கடைக்காரர். கோயில் குழுவிலும் ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அங்கே அட்டையை நீட்டாதீர்கள். புரட்டாசி விரதத்தில் வரிசையில் நிற்கிறவர் கையில் பாலிசி நோட்டீஸைத் திணித்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். தைப்பூசக் காவடியிலும் அவரே வந்து நின்றார். இப்போது அவரைப் பார்த்தால் ஆட்கள் வேறு வாசல் வழியாகப் போகிறார்கள்.

கூடவே ஒன்று. 2021 ஜூலைக் கலவரமும் 2022 ஏப்ரல் வெள்ளமும் கண்ட ஊர் இது. உங்கள் அட்டையைப் பார்த்ததும் வீட்டுக்கு, கடைக்கு, சாஸ்ரியாவுக்கு (கலவரச் சேதத்துக்கான அரசுக் காப்பீடு) என்று கேட்பார்கள். அது வேறு வகை உரிமம். தெரிந்ததை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் "அது என் வேலை இல்லை, உரிமம் உள்ளவரை அலுவலகத்தில் கேட்டு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

சேருவதற்கு முன் இந்தச் சனிக்கிழமை இதைச் செய்து பாருங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ பழைய பாலிசி ஒன்று நிச்சயம் கிடக்கும். அதை எடுத்து, மனைவியை வாடிக்கையாளராக எதிரே உட்காரவைத்து, வரிவரியாக விளக்குங்கள். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் அதைப் பார்த்தே பதில் சொல்லுங்கள். எத்தனை கேள்விக்கு பதில் தெரியவில்லை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். அதற்கப்புறம் பட்டியலைப் பற்றிப் பேசலாம்.