கத்தினால் பனி சரியுமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் பிப்ரவரியில் மணாலிப் பக்கம் நண்பர்களோடு மலையேறப் போகிறான். பாதையில்லாத பனிமலையாம். "பனி பெய்து நின்று, வானம் தெளிந்த பிறகுதான் ஏறுவோம். மேலே யாரும் கத்தக்கூடாது, அவ்வளவுதான்" என்கிறான். நீங்கள் பட்டாளத்தில் காஷ்மீரில் இருந்தவர். அவன் சொல்வது சரிதானா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

கத்துவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மனிதக் குரலுக்குப் பனி சரியாது, அது சினிமாக் கதை. வாயை மூடிக்கொண்டால் போதும் என்று நினைப்பவன் காலை எங்கே வைக்கிறோம் என்று பார்க்கமாட்டான், என் பயம் அதுதான். பனிச்சரிவில் சிக்கும் மலையேறிகளில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய எடை, அல்லது கூட வந்தவரின் எடை.

புத்தளம் உப்பளம் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லுப்பைச் சாய்வான தரையில் பரப்பி, மேலே ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்றால் என்ன ஆகும்? அங்கேயும் அதேதான். குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிசாக விழுந்த பனிக்கு அடியில் தரைச்சூடு, மேலே கடுங்குளிர். நடுவே நீராவி ஏறி ஏறி, பனித்துகள் சீனி போலப் பரல்பரலாகிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிக்க வராது. அப்புறம் விழும் பனி அதன்மேல் இறுகிப் பலகையாகும். மேலே நின்று பார்ப்பவனுக்கு வெள்ளைவெளேரென்று அழகுதான். ஒருமுறை சமதரையில் நடந்தபோது காலடியில் 'ஹும்' என்று ஒரு சத்தம், பனி லேசாக அமுங்கியது. எங்கள் ஹவில்தார் ஒரு வார்த்தை பேசாமல் எல்லோரையும் திருப்பிக் கூட்டிப்போய்விட்டார். அடியடுக்கு நொறுங்கும் சத்தம் அது என்று பிறகுதான் சொன்னார்.

வானம் தெளிந்ததும் ஆபத்து போய்விடாது. புதுப்பனி விழுந்த அடுத்த ஓரிரு நாள்தான் மோசம். ஆரல்வாய்மொழிக் காற்று போல அங்கே ஒன்று அடித்தால், பனி பெய்யாமலே ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவித்துவிடும். 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வுகளில்தான் பெரும்பாலும் சரியும். நம்மூர் ஓட்டுக்கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வை போனிலேயே அளக்கலாம்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த வீரர்களின் முகாம் புதைந்தது. பத்துப் பேர், அதில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். அப்படி நாள்கணக்கில் தாக்குப்பிடிப்பது அபூர்வம். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டியெடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குள் வெளியிலிருந்து யாரும் வந்து சேரமுடியாது, கூட நடப்பவன்தான் எடுக்க வேண்டும்.

அதனால் பயண ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேளுங்கள். சிக்னல் அனுப்பும் பீக்கன், குத்திப் பார்க்கும் நீளக்கம்பி, மண்வெட்டி, மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்குமா? "கைடிடம் ஒன்று இருக்கிறது" என்றால் பையனை அனுப்பாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும். புதைவது அந்த கைடாகவே இருக்கலாம்.