ஜேர்மனியில் டொக்டர்கள் இன்னமும் ஃபக்ஸ் அனுப்புகிறார்களாமே, ஐரோப்பாவில் டிஜிட்டல் மருத்துவம் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது?

உண்மைதான். நீங்கள் "அனுப்புகிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், நான் "அனுப்புகிறோம்" என்றுதான் சொல்ல வேண்டும். நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ஒரு குடும்ப வைத்தியரிடம் 14 வருடமாக உதவியாளராக வேலை செய்கிறேன், நேற்றுக்கூட ஒரு இதய வைத்தியரின் அறிக்கை எங்களுக்கு ஃபக்ஸில்தான் வந்தது. அடுத்த மாதம் வேலைக்கு மியூனிக் வரப்போவதாகவும், உங்களுக்கு பிரஷர் இருப்பதாகவும், ஊரில் எல்லாம் போனிலேயே நடக்கும்போது இங்கே கடதாசியா என்று ஆச்சரியப்பட்டதாகவும் கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த பிரஷர் என்ற ஒரு சொல்லைப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில், ஐரோப்பா முழுவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எஸ்தோனியாவில் 2010இலேயே மருந்துச்சீட்டு கொம்பியூட்டருக்குப் போய்விட்டது, இன்று அங்கே கடதாசிச் சீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டென்மார்க்கில் 1968இலிருந்து ஆளுக்கு ஒரு எண், அதே எண்தான் வரிக்கும் வைத்தியத்துக்கும். பின்லாந்து வைத்தியர் எழுதிய மருந்தை 2019 ஜனவரியிலிருந்து எஸ்தோனியாவின் மருந்துக் கடையில் வாங்கலாம். ஜேர்மனியில் சிப் வைத்த காப்புறுதி அட்டைக்கு 2003இல் சட்டம் போட்டார்கள், 2006இல் வரவேண்டிய அட்டை 2015இல்தான் எல்லாருக்கும் கட்டாயமானது. மின்மருத்துவக் கோப்பு 2021இல் வந்தது, விரும்புகிறவர்கள் கேட்டு வாங்கலாம் என்றார்கள், நூற்றுக்கு ஒருவர் கேட்டார். அதனால் 2025இல் திருப்பிப் போட்டார்கள்: வேண்டாம் என்று சொல்லாத எல்லாருக்கும் கோப்பு உண்டு. 7 கோடிப் பேருக்கு இப்படித் திறந்தார்கள்.

ஏன் இந்தத் தாமதம் என்றால், எஸ்தோனியாவின் முழு சனத்தொகையே 14 லட்சத்துக்குள், அங்கே ஒரே ஒரு காப்புறுதி நிதி. இங்கே 8 கோடிக்கு மேல் மக்கள், 90க்கும் மேற்பட்ட காப்புறுதி நிறுவனங்கள், 16 மாநிலங்கள், ஒவ்வொரு கிளினிக்கிலும் வெவ்வேறு மென்பொருள். இது சாக்கு என்று சிலர் கீழே வந்து எழுதுவீர்கள், தெரியும். பாதி சாக்குதான். மீதிப் பாதியை நான் தினமும் மேசையில் பார்க்கிறேன்.

2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து மின்மருந்துச்சீட்டு கட்டாயம். அதற்கு முன் இளஞ்சிவப்புத் தாளில் அச்சடித்துக் கையில் கொடுப்போம். இப்போது வைத்தியர் தன் அட்டையைப் போட்டு, இரகசிய எண் அடித்து, மின்கையொப்பம் இட்டால்தான் அது சேர்வருக்குப் போகும், மருந்துக் கடையில் நோயாளி தன் அட்டையைச் செருகினால் அங்கே தெரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் பல வைத்தியர்கள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்திக் கையொப்பம் இடாமல் மதியம் மொத்தமாக இட்டார்கள். நோயாளி 9 மணிக்கு எங்களிடம் வந்து 9.10க்கு மருந்துக் கடையில் நிற்பார், அங்கே ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து யாரைத் திட்டுவார்? வைத்தியரையா? கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்களைத்தான். ஒருமுறை எண் அடித்தால் 250 கையொப்பம் வரை உடனுக்குடன் இடக்கூடிய வசதி இருந்தது, அதை எங்கள் கொம்பியூட்டரில் ஏற்றித் தர ஆள் வர ஆறு கிழமை எடுத்தது. அந்த ஆறு கிழமையும் நான் கேட்ட பேச்சு எனக்குத்தான் தெரியும்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். இந்த வேலைக்கு மூன்று வருடம் படிக்க வேண்டும். இரத்தம் எடுக்கிறோம், ஈசிஜி எடுக்கிறோம், ஊசி போடுகிறோம், கணக்கு எழுதுகிறோம். கொரோனா நேரத்தில் தாதிமாருக்கு அரசாங்கம் போனஸ் கொடுத்தது, அது நியாயம், அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான், ஆனால் முதல் இருமலை முகத்துக்கு நேரே வாங்கிய எங்களுக்கு அரசாங்கம் ஒரு சதமும் கொடுக்கவில்லை. கோயில் திருவிழாவில் சொந்தக்காரர் அம்மாவிடம் கேட்கிறார்கள், "மகள் டொக்டருக்குப் படிக்கேல்லையோ, டெலிபோன் எடுக்கிற வேலையோ" என்று. அதே ஆட்கள்தான் அடுத்த திங்கள் எனக்கு போன் எடுத்து, தோல் வைத்தியரிடம் ஒரு இடம் பிடித்துத் தரச் சொல்கிறார்கள். புதிதாக எந்த டிஜிட்டல் திட்டம் வந்தாலும் அது கடைசியில் வந்து விழுவது எங்கள் மேசையில்தான், அமைச்சர் பேட்டியில் ஒருநாளும் எங்கள் பெயர் வராது. சரி, விடயத்துக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்கு 71 வயது. பிரஷர், சர்க்கரை, இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும். 2023 ஒக்டோபரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தார், வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சின்னக் கடதாசிப் பை, வார இறுதிக்கான குளிசைகள். கடிதம் குடும்ப வைத்தியருக்குப் போகும் என்றார்கள். அந்தக் குடும்ப வைத்தியர் என் முதலாளிதான். இங்கே வெள்ளி மதியத்தோடு பெரும்பாலான கிளினிக்குகள் பூட்டிவிடும்.

அப்பா பல வருடமாகக் காலையில் எடுத்தது கொன்கோர் என்ற குளிசை, இதய வடிவத்தில் இருக்கும், அதனால் அவருக்கு அடையாளம் தெரியும். ஆஸ்பத்திரிப் பையில் இருந்தது வட்டமான குளிசை, உறையில் பிசோபுரோலோல் என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான். கொன்கோருக்குள் இருக்கும் மருந்தின் பெயர்தான் பிசோபுரோலோல். அவருக்கு அது தெரியாது, புது மருந்து ஒன்று கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, சனி இரண்டையும் எடுத்தார், ஞாயிறு இரண்டையும் எடுத்தார். ஆஸ்பத்திரியில் அளவையும் கூட்டியிருந்தார்கள். ஞாயிறு இரவு குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அம்புலன்ஸ் வந்தபோது நாடித்துடிப்பு 38.

திங்கள் காலை நான் வேலைக்குப் போகவில்லை, கூட வேலை செய்யும் பெண் போன் எடுத்தாள். ஃபக்ஸ் தட்டில் அப்பாவின் கடிதம் கிடந்தது. வெள்ளி 2.40க்கு வந்திருக்கிறது. இரண்டாவது பக்கத்தில், பாதி அழிந்த எழுத்தில், பழைய குளிசையை நிறுத்தவும் என்று ஒரு வரி. என் கதிரையிலிருந்து மூன்று அடி தூரத்தில் அந்த வரி இரண்டு நாள் கிடந்திருக்கிறது.

நீ சனிக்கிழமை வீட்டுக்குப் போய் பார்த்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: போனேன். சாப்பாடு கொண்டுபோனேன். குளிசைப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர் விளங்கப்படுத்தியிருப்பார்கள் என்று நினைத்தேன். இதை இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் 2025 ஏப்ரல் கடைசியில் நாடு முழுவதும் மின்கோப்பு திறந்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதில் ஒரு மருந்துப் பட்டியல் தானாகவே சேரும், யார் எந்த மருந்தை மின்சீட்டில் எழுதினாலும், கடையில் எதைக் கொடுத்தாலும், எல்லாம் ஒரே இடத்தில். ஆஸ்பத்திரி வைத்தியர் அப்பாவின் அட்டையைச் செருகினால் கொன்கோர் அங்கே நிற்கும். அன்று இது இருந்திருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

அப்பா வேண்டாம் என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வயதுபோனவருக்குப் புதிது பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அவருடைய அட்டைக்கு இரகசிய எண் வாங்கி, போனில் செயலியை ஏற்றி, என்னைப் பிரதிநிதியாகச் சேர்த்துவிடலாம் (ஐந்து பேர் வரை சேர்க்கலாம்) என்று மூன்று ஞாயிறு அவரோடு இருந்தேன். மூன்றாவது ஞாயிறுதான் அவர் வாயைத் திறந்தார்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, அப்பா கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. வந்தவர்கள் எந்த வீடு தமிழ் வீடு என்று யாரையும் கேட்கவில்லை, கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அவர் பக்கத்து ஒழுங்கையில் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். பிறகு முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல், அடுத்த வருடம் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே. இந்தக் கதையை நான் பத்துத் தரம் கேட்டிருக்கிறேன், ஆனால் இதையும் காப்புறுதி அட்டையையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவர் சொன்னது இதுதான்: "பிள்ளை, லிஸ்ட் எழுதினவன் கெட்டவன் எண்டு நான் சொல்லேல்ல. அது ஆற்றை கையிலை போய்ச் சேரும் எண்டுதான் கேக்கிறன்."

இதை ஒரு அகதிக் கிழவரின் பயம் என்று ஒதுக்க வேண்டாம். அதே 1983இன் டிசம்பரில், ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் சனத்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் ஒருவரின் தகவலை என்ன செய்வது என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கே உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. நாஜிக் காலத்துப் பதிவேடுகளை அனுபவித்த நாடு இது. இங்கே ஒவ்வொரு டிஜிட்டல் சட்டமும் அந்தத் தீர்ப்பில் போய் முட்டித்தான் நகர்கிறது. 2024 டிசம்பரில், கோப்பு முதல் கட்டமாகத் திறக்கச் சில கிழமைகள் இருக்கும்போது, கேயாஸ் கொம்பியூட்டர் கிளப் என்ற ஹக்கர் சங்கத்து ஆட்கள் மேடையில் ஏறி அதற்குள் எப்படி நுழையலாம் என்று காட்டினார்கள். பின்லாந்தில், டிஜிட்டலில் முன்னுக்கு நிற்கிற அதே பின்லாந்தில், வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்டு, 2020இல் நோயாளிகளுக்கு நேரடியாக மின்னஞ்சல் போட்டுக் காசு கேட்டார்கள். ஒருவர் தன் வைத்தியரிடம் அழுதுகொண்டு சொன்னதை வைத்து. அயர்லாந்தில் 2021 மே மாதம் அரச சுகாதார சேவையின் கொம்பியூட்டர்கள் முடக்கப்பட்டு ஆஸ்பத்திரிகள் பேனையும் தாளுமாக நின்றன.

அப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவர் நேரே சொல்லவில்லை. பல வருடமாக ஒரு மனநல வைத்தியர் கொடுக்கும் இரவுக் குளிசை ஒன்று எடுக்கிறார். நித்திரை வராது, ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன். பட்டியலில் அந்த ஒரு மருந்தை மட்டும் மறைக்கலாமா என்று கேட்டார். தேடிப் பார்த்தேன், முடியவில்லை, மறைத்தால் முழுப் பட்டியலையும் மறைக்க வேண்டும். ஒரு கிளினிக்கில் அட்டையைச் செருகினால் 90 நாளுக்கு அவர்கள் கோப்பைப் பார்க்கலாம், மருந்துக் கடை 3 நாள். பல் வைத்தியர், கண் வைத்தியர், எல்லாருக்கும் அந்தக் குளிசையின் பெயர் தெரியும். விழாமல் காப்பாற்றக்கூடிய அதே பட்டியல்தான் அவர் 40 வருடமாக மூடி வைத்ததையும் காட்டும். இரண்டில் ஒன்றைத் தேர்வு செய் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காப்புறுதி அலுவலகத்துக்கு நானே காரில் கூட்டிக்கொண்டு போனேன். கோப்பு வேண்டாம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். வேலையில் மற்றவர்களுக்கு "கோப்பை வைத்திருங்கள், நல்லது" என்று சொல்கிற நான் பக்கத்தில் நின்றேன். இரட்டை வேடம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். என்னுடைய கோப்பு திறந்துதான் இருக்கிறது, என் பிள்ளைகளுடையதும்.

இப்போது உங்கள் விடயம். ஊரில் நீங்கள் எடுப்பதும் கொன்கோராக இருக்கலாம், இந்தியாவிலும் அது விற்கிறது. எதுவானாலும் பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள கம்பனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இங்கே கடையில் ஒவ்வொரு தடவையும் வேறு கம்பனியின் பெட்டி கிடைக்கலாம், பெயரும் நிறமும் மாறும். மின்மருந்துச்சீட்டு பக்கத்து நாட்டில் செல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம், பாரிஸ் லா ஷப்பேலில் சித்தி வீட்டுக்குப் போனபோது குளிசையை மறந்துவிட்டு நாங்கள் ஒரு நாள் முழுக்க அலைந்திருக்கிறோம். மருந்துச்சீட்டுகள் எல்லை கடந்து செல்ல ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் சட்டம் கொண்டுவந்திருக்கிறது, 2029 மார்ச் வரை தவணை. அதுவரை பயணத்துக்கு முன் கடதாசிச் சீட்டு ஒன்று கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருவோம். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டால் கடிதத்தைக் கையில் வாங்காமல் வெளியே வரவேண்டாம்.

மூன்று மருந்தோ அதற்கு மேலோ எடுத்தால் அச்சிட்ட மருந்துத் திட்டம் ஒன்று கேட்கலாம், 2016இலிருந்து அந்த உரிமை உண்டு, மூலையில் ஒரு சதுரக் குறியீடு இருக்கும், யார் ஸ்கேன் செய்தாலும் விபரம் வரும். அப்பா அதை மூன்றாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். இரவுக் குளிசை அதில் இருக்கிறது, ஆனால் அந்தத் தாளை யாருக்குக் காட்டுவது என்று அவரே பார்த்துக்கொள்கிறார். சர்க்கரைக் குளிசையின் அளவு போன கிழமை மாறிவிட்டது, செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனதும் அவருக்குப் புதுத் தாள் அடிக்க வேண்டும்.