சவேரியார் உடம்பு கெடாம இருக்கிறது எப்படி?

கேள்வி: கோவாவுல புனித சவேரியார் உடம்பு அழியாம இருக்குன்னு எங்க ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. இது அற்புதமா, இல்ல ஏதாச்சும் மருந்து போட்டு வச்சிருக்காங்களா சார்?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்க கடற்கரையில 1542-லேயே வந்து வேலை செஞ்சவராச்சே, நீங்க கேக்காம யாரும்மா கேப்பா! அவர் 1552 டிசம்பர்ல சீனாக்கிட்ட சாங்சுவான் தீவுல இறந்தாரு. எலும்பை மட்டும் சீக்கிரம் எடுத்துட்டுப் போகலாம்னு பெட்டி நிறைய சுண்ணாம்பைக் கொட்டிப் புதைச்சாங்க, ஆனா ரெண்டரை மாசம் கழிச்சு தோண்டினா உடம்பு அப்படியே இருந்துச்சாம், அப்புறம் மலாக்கா போயி 1554-ல கோவா வந்து சேந்துச்சு. பரிசுத்த ஆவி குடியிருந்த உடம்பு, அதான் கடவுள் காப்பாத்துனாருன்னு பக்தர்கள் நம்புறாங்க, அந்த நம்பிக்கைய நான் மதிக்கிறேன். சுண்ணாம்பு சதையைக் கரைச்சிடும்னு நாம நினைக்கிறோம், நிஜத்துல அது ஈரத்தை இழுத்து கிருமிய அடக்கி உடம்பு கெடுறதைத் தள்ளிப்போடவும் செய்யும், அதையும் சேத்துத்தான் யோசிக்கணும். இப்போ போனா தூங்குற மாதிரி இருப்பாருன்னு எதிர்பாக்காதீங்க, தோல் காய்ஞ்சு கறுத்து நல்லா சுருங்கிப்போச்சு, வலது முன்கைய 1614-லேயே வெட்டி ரோமுக்கு அனுப்பிட்டாங்க. உடம்பு கெடலைங்கிறதுக்காக மட்டும் திருச்சபை யாருக்கும் புனிதர் பட்டம் குடுக்கிறதில்லை. வெள்ளிப் பேழையை பாம் ஜீசஸ் கோவில்ல எப்பவும் பாக்கலாம், உடம்பைக் கீழ இறக்கிக் கிட்டத்துல காட்டுறது மட்டும் பத்து வருஷத்துக்கு ஒருவாட்டி, கடைசியா 2024 நவம்பர்ல ஆரம்பிச்சு 2025 ஜனவரி 5 வரைக்கும் வச்சிருந்தாங்க.